இருபது விநாடி

கடிதம் ஒன்றுதான். போன வாரம் கல்லூரியின் இயற்பியல் துறைத் தலைவரான சிஸ்டர் அதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இயற்பியல் மேற்படிப்புக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஒரே ஒருவரைத்தான் பரிந்துரைக்கலாம். இந்த வருஷம் அந்த ஒருவர் பாப்பா. கையெழுத்து மட்டும் பாக்கி. செய்முறைத் தேர்வு முடிந்த சாயங்காலம் போட்டுத் தருகிறேன் என்றார். அந்தச் சாயங்காலம் இன்றைக்கு.

இருபது வயசுப் பெண்ணைப் பாப்பா என்று எழுதுவது என்ன நியாயம் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நான் என்ன செய்ய?

அவள் அப்பாவைக் கல்லூரி முழுக்க 'லேப் அண்ணன்' என்று கூப்பிடும். இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்து நாலு வருஷ உத்தியோகம். கல்லூரி வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் அம்மா 'ஜெராக்ஸ் அக்கா'. அண்ணனும் அக்காவும் எப்படிப் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள் என்று முதல் வருஷப் பிள்ளைகள் குழம்புவது வழக்கம்.

காலை எட்டு மணிக்கு லேப் அண்ணன் ஆய்வகத்தைத் திறந்தார். எட்டு மேசை, எட்டுச் சோதனை. ஒவ்வொன்றாகத் துடைத்து, இயக்கிப் பார்த்து, கடைசி மேசைக்கு வந்தார். அங்கே டார்ஷன் பெண்டுலம். ஒரு தாங்கியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி தொங்கும். கம்பியின் நுனியில் கனமான வட்டத் தட்டு. தட்டை லேசாகத் திருப்பி விட்டால் இப்படியும் அப்படியுமாகச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும். பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி, கம்பி எவ்வளவு தடிமன் என்று அளந்துவிட்டால், அந்த எஃகு முறுக்கலை எவ்வளவு எதிர்க்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

தட்டைத் திருப்பினார். கம்பி அறுந்து, தட்டு மேசையில் தடாலென்று விழுந்தது.

"இன்னைக்குத்தானா உனக்கு நாள் கிடைச்சுது?" என்று கம்பியைத் திட்டினார்.

ஆறு வருஷக் கம்பி அது. அலமாரியைக் குடைந்து பார்த்தார். அதே தடிமனில் வேறு கம்பி இல்லை. கொஞ்சம் மெல்லிசாக ஒரு சுருள் கிடந்தது. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் என்ன? அளக்கத்தானே பிள்ளைகள் வருகிறார்கள். அளந்து பார்த்து மாட்டினார். 'கம்பி மாத்தியிருக்கேன், பழைய நினைப்புல எழுதாதீங்க' என்று தொடங்கும் முன் எல்லார் காதிலும் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார்.

ஒன்பது மணிக்குத் துறைத் தலைவர் சிஸ்டர், வெளியிலிருந்து வந்த தேர்வாளரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சிஸ்டர் எந்த நேரமும் அங்கிப் பையில் ஒரு டெஸ்டர் வைத்திருப்பார். கல்லூரியில் எங்கே விசிறி நின்றாலும் எலக்ட்ரீஷியனுக்கு முன் அவர் ஏணியில் நிற்பார். ஒலிபெருக்கியில் ஜெபம் முடிந்தது. எல்லாரும் 'ஆமென்' என்று நிமிர்ந்தார்கள். யாருக்கு எந்த மேசை என்று சீட்டுக் குலுக்கினார்கள்.

"கடைசி மேசை யாருக்கு?" என்றார் சிஸ்டர்.

பாப்பா சீட்டைப் பிரித்துக் காட்டினாள்.

லேப் அண்ணனுக்கு வாய் வரைக்கும் வந்த வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன், பாப்பா சேர்ந்த முதல் வாரத்தில், "அப்பாவே லேப்ல இருக்கார், அந்தப் பொண்ணுக்கு மார்க்குக்கு என்ன குறைச்சல்!" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அன்றைக்கே வீட்டில் ஒப்பந்தம் போட்டார். வாசலுக்குள் நுழைந்தால் நீ யாரோ, நான் யாரோ. அவள் மேசையில் விளக்கு எரியவில்லை என்றால்கூட வேறு ஆளைத்தான் அனுப்புவார். எல்லாப் பிள்ளைகளும் அண்ணே அண்ணே என்று கூப்பிடும் இடத்தில், சொந்த மகள் "இங்க பாருங்க" என்று காற்றைப் பார்த்துக் கூப்பிடுவாள்.

இப்போது வாய் திறந்தால் மகளுக்குத் துப்புக் கொடுத்ததாக ஆகிவிடும். சிஸ்டரிடம் தனியாகச் சொன்னாலும் அதே கதைதான். 'என் பொண்ணுதானே, அளந்துடுவா' என்று மனசைத் தேற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் எனக்கு அந்த மனுஷன்மேல் கோபம் கோபமாக வருகிறது. வேறு எந்த வீட்டுப் பிள்ளை அந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பார். பெற்ற பெண் என்பதற்காகவே அவளுக்கு மட்டும் சொல்லாமல் விட்டார். நேர்மையாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சில பேர் செய்யும் அநியாயம் இருக்கிறதே, அப்பப்பா!

பாப்பா முதலில் நேரத்தை அளந்தாள். பத்து ஆட்டத்துக்குத் தொண்ணூற்றெட்டு விநாடி. அடுத்து தொண்ணூற்றேழு. அடுத்து தொண்ணூற்றொன்பது. பென்சிலில் குறித்துக்கொண்டாள்.

பிறகு ஸ்குரூ கேஜை எடுத்துக் கம்பியின் தடிமனை அளந்தாள். அந்த ஸ்குரூ கேஜுக்கு ஒரு கெட்ட பழக்கம். நன்றாக மூடினாலும் பூஜ்யத்தில் நிற்காமல் ஐந்து கோடு தள்ளி நிற்கும். அந்த ஐந்தைக் கழித்துத்தான் எழுத வேண்டும். கழித்தாள். 0.82 மில்லிமீட்டர் வந்தது.

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கம்பி 0.92. அது அவளுக்கு வீட்டு போன் நம்பர் மாதிரி. பதினாலு வயசில் ஒரு சனிக்கிழமை அப்பாவோடு இங்கே வந்து, அவர் அந்தக் கம்பியை மாட்டியபோது முதன்முதலாக அளந்தவளே அவள்தான். சீனியர்கள் அம்மா கடையில் நகல் எடுக்கும் ரெக்கார்டு நோட்டு ஒவ்வொன்றிலும் 0.92தான்.

திரும்ப அளந்தாள். ஆறு தடவை. ஆறு தடவையும் 0.82.

'ஐயோ, ஐந்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் கழிக்கிறேனோ!' என்று தோன்றியது. கூட்டிப் பார்த்தாள். 0.92 கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. நிம்மதியாக மூச்சு விட்டு, அதையே பேனாவில் எழுதினாள்.

கணக்குப் போட்டால் விடை ஐந்து என்கிறது. எஃகுக்குப் புத்தகத்தில் எட்டு. அப்படியானால் நேரம் எடுத்ததிலும் தப்பு! ஆட்டத்தை எண்ணும்போது கோட்டை விட்டுவிட்டோம் போல. மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிஷம்தான் இருந்தது. மறுபடி எல்லாம் எடுக்க நேரம் போதாது. கடிதம், ஆராய்ச்சி நிலையம், சிஸ்டர் முகம், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றது.

அழிப்பானை எடுத்தாள். தொண்ணூற்றெட்டு எழுபத்தெட்டு ஆனது. தொண்ணூற்றேழு எழுபத்தேழு ஆனது. எல்லா வரியிலும் இருபது விநாடி குறைந்தது. விடை அழகாக எட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா! புத்தகத்தைப் பிரிச்சு வச்ச மாதிரி இருக்கே!" என்றார்.

பாப்பா சிரித்தாள். மூன்று வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் இப்படி மாற்றியதில்லை.

தாள்களை அடுக்கி உறையில் போட்டுக் கட்டுவது லேப் அண்ணன் வேலை. படிக்கக் கூடாது என்று கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் அடுக்குவார். ஆனால் அந்தக் கையெழுத்து அவர் வீட்டுக் கையெழுத்து, கண் தானாகப் போய்விட்டது.

0.92. எழுபத்தெட்டு.

இந்தக் கம்பிக்கு எழுபத்தெட்டு வரவே வராது. இருபத்து நாலு வருஷமாக அந்தத் தட்டு ஆடுவதைப் பார்த்தவர் அவர். உறையை அரக்கு வைத்து மூடி, தேர்வாளர் கையில் கொடுத்து, கார் வரைக்கும் போய் வழியனுப்பினார். திரும்பி வந்து எட்டு மேசையையும் துடைத்தார். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

மூன்று மணிக்கு ஜெராக்ஸ் கடையில், நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த காகிதக் கட்டின்மேல் பாப்பா உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருக்கே? எக்ஸாம் நல்லாத்தான எழுதினே?" என்றாள் அம்மா.

"ம்."

"ம்னா?"

"நல்லா எழுதினேம்மா. ரொம்ப நல்லா எழுதிட்டேன்."

"நல்லா எழுதினவ மூஞ்சியா இது? எனக்கென்னவோ சரியாப் படல."

அதற்குள் லேப் அண்ணன் படியேறி வந்தார். வேலை நேரத்தில் அவரைக் கல்லூரி வாசலைத் தாண்டி இந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. அம்மா கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த மிஷினை நிறுத்து," என்றார்.

நிறுத்தினாள்.

"பாப்பா, காலையில கம்பி அறுந்துபோச்சு. வேற கம்பி மாட்டினேன். பழசைவிட மெல்லிசு. எல்லார்கிட்டயும் சொல்லணும்னுதான் இருந்தேன். சீட்டு உனக்கு விழுந்ததும் வாயே வரல."

பாப்பா அவரையே பார்த்தாள். "எவ்வளவுப்பா?"

"புள்ளி எட்டு ரெண்டு. மாட்டும்போதே அளந்தேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. "எனக்கும் அதாம்ப்பா வந்துச்சு! ஆறு தடவையும் அதாம்ப்பா வந்துச்சு!"

"அப்புறம் ஏம்மா மாத்தி எழுதினே?"

"உங்க கம்பிப்பா அது. நீங்க மாட்டின கம்பி எப்படி மாறும்? நான் அளந்ததுதான் தப்புனு நினைச்சுட்டேன்."

லேப் அண்ணன் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் தன் கண்ணை நம்பாமல் அப்பாவை நம்பியிருக்கிறாள் என்று கேட்டால் எந்த அப்பாவுக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அவருக்கு நெஞ்சு வலித்தது.

"டைம்?" என்று கேட்டார்.

"தொண்ணூத்தெட்டுதான் வந்துச்சு. விடை சரியா வரலைன்னு இருபது விநாடி குறைச்சு எழுதிட்டேன். தடிமன் விஷயத்துல ஏமாந்துபோனேன்ப்பா. இது அப்படி இல்ல. இதைத் தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அம்மா இயந்திரத்தின் மூடியைச் சாத்தினாள்.

"சரி, இது யாருக்குத் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்கு," என்றார் அவர்.

"நாலாவது ஆளுக்கு எதுக்குத் தெரியணும்? யார் குடியைக் கெடுத்தா இவ? திருடினாளா? ஒரு நம்பரை மாத்தி எழுதினா. என் கடைக்கு வந்து பழைய நோட்டை நகல் எடுத்துட்டுப் போற பிள்ளைங்க பூரா அதைத்தான் பண்ணுது. ஒண்ணாவது வாயைத் திறக்குதா? நீங்க பேசாம நாளைக்குப் பழைய தடிமன்லயே ஒரு கம்பி வாங்கி மாட்டிடுங்க. விஷயம் முடிஞ்சுது."

அவள் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. மூன்று வருஷமாக மகள் தூங்கிய பிறகு தூங்கி, மகள் எழுவதற்கு முன் எழுந்தவள். அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?

லேப் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவள் மகள் என்று அவருக்குப் பட்டது.

"அம்மா, அங்க போனா தினமும் அளக்கறதுதாம்மா வேலையே," என்றாள் பாப்பா. "ஏதாவது ஒரு நாள் விடை சரியா வராது. அன்னைக்கு என் கை தானா அழிப்பானைத் தேடும். அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"லெட்டர் போயிடும்டி."

"போகட்டும்மா."

"ஒரு வருஷமே போயிடும்."

பாப்பா காகிதக் கட்டிலிருந்து எழுந்தாள்.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் நடுவுல என்னை மாட்டி விட்டாங்க பாரு," என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து மகள் முன்னால் நீட்டினாள். "மூஞ்சியக் கழுவு. அழுத மூஞ்சியோட போய் நின்னா, பாவம் பார்த்து விட்டுட்டாங்கன்னு ஆயிடும். நீங்களும்தான். கழுவிட்டுப் போங்க."

முந்தானையால் மகள் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டாள்.

கல்லூரி வாசலுக்குள் அன்றைக்கு அப்பாவும் மகளும் சேர்ந்து நடந்தார்கள். காவலாளி எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

சிஸ்டரின் அறையில் ஈயம் உருக்கிய வாசனை. மேசைமேல் யாருடைய ரேடியோவோ வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. அதன் பக்கத்திலேயே தட்டச்சு செய்த கடிதம் இருந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை.

"சிஸ்டர், ஒரு விஷயம்..." என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

"என்ன இது, கோரஸ் பாடவா வந்தீங்க? ஒருத்தர் பேசுங்க."

"நான்தான் முதல்ல, சிஸ்டர்," என்றார் லேப் அண்ணன். கம்பி அறுந்தது, மாற்றியது, சீட்டு, சொல்லாமல் விட்டது என்று ஒன்று விடாமல் சொன்னார்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"பொண்ணுக்காகப் பேசறேன்னு நினைச்சுடுவீங்களோன்னு..."

"இருபத்து நாலு வருஷமா உங்களைத் தெரியும் எனக்கு. என்னை நீங்க இவ்வளவுதான் தெரிஞ்சு வச்சிருக்கீங்களா?" சிஸ்டரின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று லேப் அண்ணனுக்கு இருந்தது. "தப்பு உங்களோடதுன்னா, இவ மறுபடி ஒரு தடவை அளந்துட்டுப் போகட்டும். அது பெரிய விஷயமே இல்ல."

வழி திறந்துவிட்டது. அப்பா தலையில் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். லேப் அண்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தார். சும்மா இரு என்று அந்தப் பார்வை கெஞ்சியது. ஆமாம், கெஞ்சியது. கடையில் வாய் திறக்காமல் இருந்த அதே மனுஷன்தான். கடிதத்தைக் கண்ணால் பார்த்ததும் பெற்ற மனசு ஆட்டம் கண்டுவிட்டது.

"அப்பா, நீங்க சும்மா இருங்க," என்றாள் பாப்பா. அவர் ஒன்றுமே பேசியிருக்கவில்லை. "சிஸ்டர், கம்பி மாறினது எனக்குத் தெரியாது. ஆனா நேரத்தை நான் தெரிஞ்சேதான் மாத்தினேன். எல்லா ரீடிங்லயும் இருபது விநாடி. விடை வரணும்னு மாத்தினேன்."

சிஸ்டர் ரேடியோவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"மூணாவது வரியைப் படி."

பாப்பா படித்தாள். 'இவள் எடுக்கும் அளவுகளை நான் சரிபார்ப்பதில்லை. அப்படியே நம்பலாம்.'

"மார்க் எல்லா காலேஜ் பிள்ளைகளும் வச்சிருக்கும். உனக்கு அங்க இடம் கிடைக்கும்னா அது இந்த வரிக்காகத்தான். இதை எடுத்துட்டா மத்ததெல்லாம் வெறும் வாழ்த்து மடல்," என்றார் சிஸ்டர். "நீயே சொல்லு. இந்த வரி இருக்கட்டுமா?"

பாப்பா அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். அவளைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாக எழுதியதில்லை. இனி எழுதுவார்களோ என்னவோ!

"வேண்டாம் சிஸ்டர். அடிச்சுடுங்க."

லேப் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை சிஸ்டர் பார்த்தார், பார்க்காத மாதிரி பேனாவைத் தேடினார். எடுத்தவர் மூடியைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு மேசைமேல் போட்டார்.

"முதல்ல தேர்வாளருக்குச் சொல்லணும். தாள் அவர்கிட்ட இருக்கு," என்று போனை எடுத்தார்.

ஊரார் ரேடியோவை எல்லாம் சரிசெய்யும் சிஸ்டரின் போனில் மட்டும், ஸ்பீக்கரைப் போட்டால்தான் பேச்சு கேட்கும். மணி மூன்று தரம் அடித்தது. நாலாவதில் எடுத்தார்கள்.

"சார், நான் இயற்பியல் துறை..."

"சிஸ்டர், நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்," என்றது அந்தக் குரல். காலையில் அடேங்கப்பா சொன்ன அதே குரல்தான், ஆனால் அந்தக் கலகலப்பு இல்லை. "கடைசி மேசையில இருந்தாளே ஒரு பொண்ணு, அவ தாள் விஷயமா ஒண்ணு கேக்கணும். பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா?"

சிஸ்டர் நிமிர்ந்து அப்பாவையும் மகளையும் பார்த்தார். வெளியே போங்கள் என்று சொல்வதற்கு அவர் கை பாதி உயர்ந்தது. அதற்குள் பாப்பா மேசைக்குப் பக்கத்தில் வந்து, போனைப் பார்த்துக் குனிந்தாள்.

"அந்தப் பொண்ணு நான்தான் சார்," என்றாள். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."